பழைய கணினிக்குப் புது உயிர்: மலிவு பாகங்களின் நாற்பது ஆண்டு வரலாறு

ஓர் அலுவலகம் ஐந்தாறு ஆண்டுகள் பயன்படுத்திவிட்டு ஒதுக்கிய கணினி செகண்ட் ஹேண்ட் கடைக்கு வருகிறது. கையில் கொஞ்சம் பணம் வைத்திருக்கும் ஒரு மாணவர் அதை வாங்கிப் போகிறார். வேர்டும் எக்செலும் அதில் நன்றாகவே ஓடும். விளையாட்டுகள்தான் ஓடாது. மீதியிருக்கும் பணத்தில் ஒரே ஒரு பாகம் வாங்கலாம். கிராபிக்ஸ் கார்டு வாங்குவதா? ராம் போடுவதா? பிராசஸரை மாற்றுவதா?

இது இன்றைக்கு வந்த கேள்வி இல்லை. 1981-ல் ஐ.பி.எம். பி.சி. வந்த காலத்திலிருந்தே இருக்கிறது. பதில் மட்டும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஆனால் இந்த வரலாற்றைப் புரட்டினால் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு பழைய கணினி பிழைக்குமா பிழைக்காதா என்பதைப் பாகத்தின் விலையைவிட, அந்தப் பாகம் போய் உட்காரும் ஸ்லாட், சாக்கெட், மின் இணைப்பு ஆகியவைதான் அதிகம் தீர்மானித்திருக்கின்றன. அந்த இணைப்புகள் யார் கையில் இருந்தன, எவ்வளவு காலம் மாறாமல் இருந்தன என்பதே வசதி குறைந்தவர்களின் கணினி வரலாறு என்று சொல்லலாம்.

ஐந்து ஸ்லாட்டுகளில் தொடங்கிய கதை

ஐ.பி.எம். நிறுவனம் தன் பி.சி.யை 1981 ஆகஸ்ட் மாதம் வெளியிட்டது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் போகா ரேட்டன் என்ற ஊரில் ஒரு சிறிய குழு அதை உருவாக்கியது. நேரம் குறைவாக இருந்ததால், எல்லாவற்றையும் சொந்தமாகச் செய்யாமல், சந்தையில் கிடைத்த பாகங்களையே அந்தக் குழு பயன்படுத்தியது. பிராசஸர் இன்டெல் 8088, வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அடிப்படை மாடலில் 16 கிலோபைட் நினைவகம்தான். விலை 1565 டாலர்.

அந்த மதர்போர்டில் ஐந்து ஸ்லாட்டுகள் இருந்தன. அதைவிட முக்கியம், சர்க்யூட் வரைபடங்களையும் பயாஸ் நிரலையும் சேர்த்து ஒரு தொழில்நுட்பக் கையேட்டை ஐ.பி.எம். விலைக்கு விற்றது. அதைப் படித்து யார் வேண்டுமானாலும் அந்த ஸ்லாட்டில் பொருந்தும் கார்டைச் செய்யலாம். ஹெர்குலிஸ், ஏ.எஸ்.டி. போன்ற நிறுவனங்கள் அப்படித்தான் வளர்ந்தன.

ஐந்து என்பது பெரிய எண்ணாகத் தோன்றலாம். திரைக்கு ஒன்று, பிளாப்பி டிரைவுக்கு ஒன்று என்று இரண்டு உடனே போய்விடும். மீதி மூன்று. அதனால் ஏ.எஸ்.டி. நிறுவனத்தின் 'சிக்ஸ்பேக் பிளஸ்' கார்டு நன்றாக விற்றது. கூடுதல் நினைவகம், கடிகாரம், பிரிண்டருக்கும் மோடத்துக்கும் இணைப்பு என்று பல வேலைகளை அது ஒரே ஸ்லாட்டில் முடித்தது. ஸ்லாட் என்பதும் ஒரு சொத்து, அதைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும் என்பது அன்றே தெரிந்த பாடம்.

இன்னொரு பாடம் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியில் இருந்தது. முதல் பி.சி.யின் பவர் சப்ளை 63.5 வாட் மட்டுமே. அதில் ஹார்ட் டிஸ்க் சேர்க்க ஆசைப்பட்டவர்கள் பவர் சப்ளையையும் சேர்த்து மாற்ற வேண்டி வந்தது. 1983-ல் வந்த எக்ஸ்.டி. மாடலில் ஐ.பி.எம். இதை 130 வாட்டாக உயர்த்தியது, ஸ்லாட்டுகளை எட்டாக்கியது. 1984-ல் வந்த ஏ.டி. மாடலில் ஸ்லாட் 16 பிட் ஆக நீண்டது. ஆனாலும் பழைய 8 பிட் கார்டு அந்த நீண்ட ஸ்லாட்டின் முன்பகுதியில் அப்படியே பொருந்தியது. பழையதை வைத்திருப்பவரைக் கைவிடாமல் புதியதைக் கொண்டுவர முடியும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

கதவை மூடிப் பார்த்த ஐ.பி.எம்.

திறந்த ஸ்லாட்டால் ஐ.பி.எம்.முக்கு ஒரு தலைவலியும் வந்தது. காம்பேக் போன்ற நிறுவனங்கள் அதே போன்ற கணினிகளைச் செய்து விற்கத் தொடங்கின. சந்தை கைநழுவுவதைப் பார்த்த ஐ.பி.எம்., 1987 ஏப்ரலில் பி.எஸ்/2 என்ற புது வரிசையைக் கொண்டுவந்தது. அதன் மேல்நிலை மாடல்களில் 'மைக்ரோ சேனல்' என்ற புது ஸ்லாட். தொழில்நுட்பத்தில் அது முந்தையதைவிடச் சிறந்ததுதான். ஆனால் பழைய கார்டு ஒன்றுகூட அதில் பொருந்தாது. மற்ற நிறுவனங்கள் அதைப் பயன்படுத்த வேண்டுமானால் ஐ.பி.எம்.முக்கு உரிமத்தொகை கட்ட வேண்டும்.

1988 செப்டம்பரில் காம்பேக் தலைமையில் ஒன்பது நிறுவனங்கள் ஒன்று சேர்ந்து, பழைய கார்டுகளையும் ஏற்கும் 'ஈசா' என்ற மாற்று ஸ்லாட்டை அறிவித்தன. ஈசா பெரும்பாலும் சர்வர்களோடு நின்றுவிட்டது. ஆனாலும் சண்டையில் ஜெயித்தது பழைய ஏ.டி. ஸ்லாட்தான். அதற்கு ஐ.எஸ்.ஏ. என்ற பெயர் நிலைத்தது. 1990-களின் இறுதிவரை மதர்போர்டுகளில் அது இருந்தது.

செகண்ட் ஹேண்ட் வாங்குபவருக்கு இதனால் என்ன? சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989-ல் சவுண்ட் பிளாஸ்டர் கார்டை வெளியிட்டது. அதுவரை பி.சி. விளையாட்டுகளில் பெரும்பாலும் 'பீப்' சத்தம்தான். அப்போது பிரபலமாக இருந்த ஆட்லிப் கார்டின் இசையையும் அது வாசித்தது, பதிவு செய்த குரலையும் ஒலித்தது, ஜாய்ஸ்டிக் இணைப்பையும் கூடவே கொடுத்தது. மூன்று வேலை, ஒரு ஸ்லாட்! 8 பிட் கார்டு என்பதால் பழைய எக்ஸ்.டி.யில்கூட அது உட்கார்ந்தது. மைக்ரோ சேனல் கணினி வைத்திருந்தவரோ அதற்கென்று தனியாகச் செய்யப்பட்ட அரிதான வகையைத் தேடி அலைய வேண்டியிருந்தது. விலை அதிகம் கொடுத்து வாங்கிய கணினி, பழைய சந்தையில் மலிவான கணினியிடம் தோற்ற இடம் இது.

ஒரு தீ விபத்தும் நான்கு மெகாபைட்டும்

1993 ஜூலையில் ஜப்பானின் நிஹாமா நகரில் இருந்த சுமிடோமோ கெமிக்கல் தொழிற்சாலையில் வெடிவிபத்து நடந்து தீப்பிடித்தது. சிப்புகளை மூடி அடைக்கப் பயன்படும் எபாக்சி பிசினை அந்த ஆலை தயாரித்து வந்தது. உலகத் தேவையில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் போனது. செய்தி வந்த சில வாரங்களில் ராம் விலை மளமளவென்று ஏறியது.

அதே ஆண்டு டிசம்பர் 10 அன்று 'டூம்' வெளியானது. அதை ஓட்டக் குறைந்தது 386 பிராசஸரும் 4 மெகாபைட் ராமும் வேண்டும். அன்றைக்குப் பல வீடுகளில் இருந்த பழைய கணினிகளில் 1 அல்லது 2 மெகாபைட்தான். ஆக, விளையாட்டு கேட்ட பாகம் எதுவோ, அதுதான் அப்போது விலை ஏறியிருந்தது. 1996-ல் புதிய ஆலைகளின் உற்பத்தி சந்தையில் குவிந்தபோது ராம் விலை சரிந்தது. அப்போது அதே நான்கு மெகாபைட் சில்லறைக் காசாகிவிட்டது.

மேம்படுத்தும் வரலாற்றில் ராமின் இடம் இதுதான். அதன் விலை நிலையாக இருந்ததே இல்லை. ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும். காத்திருக்க முடிந்தவருக்கு லாபம், அவசரப்பட்டவருக்கு நஷ்டம்.

மெகாஹெர்ட்ஸை நம்பி ஏமாந்த கதை

1990-களின் நடுவில் பழைய சந்தையில் அதிகம் புழங்கியது 486 கணினி. அதை வைத்திருந்தவர்களுக்கு ஏ.எம்.டி. நிறுவனம் 1995 நவம்பரில் ஒரு நல்ல வழி காட்டியது. ஏ.எம்.5எக்ஸ்86 என்ற 133 மெகாஹெர்ட்ஸ் சிப். 486 சாக்கெட்டிலேயே பொருந்தும். பெரும்பாலான பழைய போர்டுகளில் மின்னழுத்தத்தை மாற்றித்தரும் ஒரு சிறு அடாப்டர் இருந்தால் போதும். விண்டோஸ் 95-ம் டூமும் பென்டியம் 75-க்கு இணையாக ஓடின. விலையோ பென்டியமும் புது மதர்போர்டும் சேர்ந்து வாங்குவதில் ஒரு பங்குதான்.

ஆனால் 1996 ஜூனில் 'குவேக்' வந்தது. முழுக்க முப்பரிமாண உலகம். தசமப் புள்ளிக் கணக்குகள் அதில் ஏராளம். பென்டியம் அந்தக் கணக்கை ஒரு பக்கம் செய்துகொண்டே மறுபக்கம் வேறு வேலையும் பார்க்கும். குவேக்கின் நிரலும் அந்தத் திறனை நம்பியே எழுதப்பட்டது. 486 வகைச் சிப்புகளால் அது முடியாது. பெட்டியில் 133 என்று போட்டிருந்த சிப், 75 என்று போட்டிருந்த பென்டியத்திடம் குவேக்கில் தெளிவாகத் தோற்றது. மலிவாகக் கிடைத்த சைரிக்ஸ் 6எக்ஸ்86 சிப்பும் இதே இடத்தில்தான் அடி வாங்கியது.

அந்தச் சிப்புகள் மோசமானவை என்று இதற்கு அர்த்தம் இல்லை. கடிதம் அடிக்கவும் டூம் ஆடவும் வாங்கியவருக்கு அவை கொடுத்த காசுக்கு மேல் உழைத்தன. குவேக் ஆட வாங்கியவருக்கு வீண். எந்த விளையாட்டு, அது கணினியின் எந்தப் பாகத்தை அழுத்துகிறது என்று தெரியாமல் எண்ணை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது என்பதை அந்தத் தலைமுறை இப்படித்தான் கற்றுக்கொண்டது.

வூடூ: பழையதை எடுக்காமல் பக்கத்தில் வைத்த கார்டு

அதே 1996-ல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ சிப் கொண்ட கார்டுகள் கடைக்கு வந்தன. ராம் விலை சரிந்ததால்தான் 4 மெகாபைட் நினைவகத்தோடு சுமார் 300 டாலருக்கு அவற்றை விற்க முடிந்தது. இந்தக் கார்டுக்கு ஒரு வினோத குணம் உண்டு. முப்பரிமாண விளையாட்டைத் தவிர வேறெதையும் அது காட்டாது. சாதாரணத் திரைக்கு ஏற்கெனவே இருக்கும் கார்டே வேலை செய்ய வேண்டும். இரண்டுக்கும் நடுவில் வெளிப்பக்கமாக ஒரு சிறிய கேபிள்.

இது குறை போலத் தோன்றினாலும், பழைய கணினிக்காரருக்கு நல்லதாகவே அமைந்தது. இருந்ததை எதையும் தூக்கிப் போட வேண்டாம். ஒரு பி.சி.ஐ. ஸ்லாட் காலியாக இருந்தால் போதும். 1997 ஜனவரியில் குவேக்கின் ஓப்பன்ஜி.எல். வடிவம் வெளியானதும், சாதாரணப் பென்டியத்தில் 320-க்கு 200 புள்ளிகளில் மங்கலாகத் தெரிந்த அதே விளையாட்டு, 640-க்கு 480 புள்ளிகளில் வழுவழுப்பாக ஓடியது. 1998 பிப்ரவரியில் வூடூ2 வந்தவுடன், வசதி உள்ளவர்கள் முதல் வூடூவைக் கழற்றி விற்றார்கள். அவை பழைய பென்டியம் கணினிகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

கதையின் முடிவும் நினைவில் வைக்க வேண்டியது. போட்டியில் தோற்ற 3டிஎஃப்எக்ஸ், தன் முக்கியச் சொத்துகளை என்விடியாவுக்கு விற்பதாக 2000 டிசம்பரில் அறிவித்தது. அதோடு புதிய டிரைவர்கள் நின்றன. கார்டு கெடவில்லை, மென்பொருள்தான் அதைக் கைவிட்டது. பிறகு சில காலம் ஆர்வலர்கள் தாங்களே டிரைவர்களைத் திருத்தி அந்தக் கார்டுகளை ஓட்டினார்கள்.

செலரான் 300ஏ: 149 டாலர் அதிர்ஷ்டம்

மலிவு பாகங்களின் வரலாற்றில் அதிகம் பேசப்படும் பெயர் செலரான் 300ஏ. இன்டெல் 1998 ஏப்ரலில் வெளியிட்ட முதல் செலரானில் இரண்டாம் நிலை கேஷ் நினைவகமே இல்லை, அதனால் மந்தம். ஆகஸ்ட் 24 அன்று வந்த 300ஏ-வில் 128 கிலோபைட் கேஷ், சிப்பின் உள்ளேயே, சிப்பின் முழு வேகத்தில் ஓடும்படி வைக்கப்பட்டது. பென்டியம் 2-வில் கேஷ் 512 கிலோபைட், ஆனால் பாதி வேகம்.

300ஏ-வின் வேகக் கணக்கு எளிது: மதர்போர்டின் 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸை 4.5-ஆல் பெருக்கினால் 300. பி.எக்ஸ். சிப்செட் உள்ள போர்டுகளோ 100 மெகாஹெர்ட்ஸ் பஸ் கொடுக்கும். அதில் செருகி 100-க்கு மாற்றினால் 450! பெரும்பாலான 300ஏ சிப்புகள் இதைத் தாங்கின. அதே நாளில் வெளியான பென்டியம் 2 450-ன் விலை 669 டாலர், 300ஏ-வின் விலை 149 டாலர். விளையாட்டுகளில் இரண்டுக்கும் வித்தியாசம் காண்பது கடினம்.

இதில் உண்மையான கதாநாயகன் அந்த பி.எக்ஸ். போர்டு. செலரான் பிறகு ஸ்லாட்டை விட்டு 370 முனை சாக்கெட்டுக்கு மாறியபோது, 'ஸ்லாட்கெட்' என்ற சிறு அடாப்டர் போர்டு வந்தது. அதை வைத்து, 1998-ல் வாங்கிய மதர்போர்டில் 2000-ம் ஆண்டின் சிப்பை ஓட்டியவர்கள் பலர். ஏ.எம்.டி. பக்கத்திலும் இதே ஆட்டம் நடந்தது. 2000-ல் வந்த டியூரான், அத்லான் சிப்புகளின் மேற்பரப்பில் இருந்த எல்1 என்ற இணைப்புகளைப் பென்சில் கரியால் சேர்த்தால் வேகப் பூட்டு திறந்துகொள்ளும்.

இன்டெல் இந்த வழியைப் படிப்படியாக அடைத்தது. 2011-ல் வந்த சாண்டி பிரிட்ஜ் சிப்புகளிலிருந்து, 'கே' என்று முடியும் விலை கூடிய மாடல்களில்தான் தாராளமாக வேகம் கூட்ட முடியும் என்றாகிவிட்டது. குறைந்த விலைச் சிப்பை வாங்கி உயர்ந்த விலைச் சிப்பாக்கும் காலம் அதோடு ஏறக்குறைய முடிந்தது.

பெயரில் இருந்த பொறி

1997-ல் கிராபிக்ஸ் கார்டுக்கென்று ஏ.ஜி.பி. ஸ்லாட் வந்தது. கார்டும் ஸ்லாட்டும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்க வேண்டும். 3.3 வோல்ட், 1.5 வோல்ட் என்று இரண்டு வகை இருந்ததால், கார்டின் விளிம்பில் வெட்டு வைத்துப் பிரித்தார்கள். ஆனால் வெட்டு தவறாகப் போடப்பட்ட பழைய கார்டுகளும் இருந்தன. அவற்றைப் பென்டியம் 4 போர்டில் செருகி, போர்டையே எரித்தவர்கள் உண்டு.

இன்னொரு பொறி பெயரில் இருந்தது. என்விடியா 2000-ல் ஜிஃபோர்ஸ்2 எம்.எக்ஸ். கார்டை வெளியிட்டது. நல்ல கார்டு, குறைந்த விலை. ஏ.ஜி.பி. இல்லாத கணினிகளுக்காக பி.சி.ஐ. வகையும் கிடைத்தது. அதே நம்பிக்கையில் 2002-ல் வந்த ஜிஃபோர்ஸ்4 எம்.எக்ஸ். கார்டையும் ஏராளமானோர் வாங்கினார்கள். உள்ளே இருந்தது பெரும்பாலும் ஜிஃபோர்ஸ்2-வின் அமைப்புதான். முந்தைய ஆண்டே வந்திருந்த ஜிஃபோர்ஸ்3-ல் இருந்த பிக்சல் ஷேடர் வசதி, எண்ணில் பெரிய இந்தக் கார்டில் இல்லை. 2003-ல் வந்த 'டியூஸ் எக்ஸ்: இன்விசிபிள் வார்' போன்ற விளையாட்டுகள் அதில் திறக்கவே இல்லை. 2007-ல் 'பயோஷாக்' வந்தபோது, ஒரு காலத்தில் உயர்ந்த விலைக்கு விற்ற ரேடியான் எக்ஸ்800 கார்டுக்கும் இதே கதி. வேகம் இருந்தது, ஷேடர் மாடல் 3 இல்லை.

பாகங்களாக வாங்கும் சந்தை

இந்தியாவில் இந்த வரலாறு சென்னையின் ரிச்சி தெரு, டெல்லியின் நேரு பிளேஸ், பெங்களூரின் எஸ்.பி. ரோடு போன்ற இடங்களில் நடந்தது. பிராண்ட் பெயருள்ள கணினி வாங்க முடியாதவர்கள், கேபினட் முதல் கீபோர்டு வரை தனித்தனியாக வாங்கி 'அசெம்பிள்' செய்துகொண்டார்கள். 1995-ல் இன்டெல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். அளவுகள் இதற்குப் பெரிய உதவி. எந்தக் கம்பெனி மதர்போர்டும் எந்தக் கம்பெனி கேபினட்டிலும் உட்கார்ந்தது. 1997-ல் தகவல் தொழில்நுட்பப் பொருட்களுக்கான சர்வதேச ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்தது. அதன்படி 2005-க்குள் பல கணினிப் பாகங்களின் சுங்க வரி பூஜ்யமானது. திறந்த அளவும் குறைந்த வரியும் சேர்ந்துதான் அந்தத் தெருக்களை வளர்த்தன.

அலுவலகத்திலிருந்து வந்த பெட்டிகள்

2000-களில் பழைய சந்தையில் இன்னொரு வகைக் கணினி குவியத் தொடங்கியது. நிறுவனங்கள் மொத்தமாக வாங்கி, மொத்தமாகக் கழிக்கும் அலுவலகக் கணினிகள். விலை குறைவு, ஆனால் இவற்றில் இரண்டு ஆபத்துகள் இருந்தன.

முதலாவது கெபாசிட்டர். 1999 முதல் சில ஆண்டுகள் தயாரான பல மதர்போர்டுகளில் தரமற்ற கெபாசிட்டர்கள் போடப்பட்டு, உப்பி வெடித்தன. டெல் நிறுவனம் இந்த மதர்போர்டுகளை மாற்றித்தரும் செலவுக்காக 2005-ல் சுமார் 300 மில்லியன் டாலர் கணக்கில் ஒதுக்க வேண்டி வந்தது. மேல்மூடி தட்டையாக இருக்கிறதா, உப்பியிருக்கிறதா என்று போர்டைத் திருப்பிப் பார்ப்பது அப்போது பழகிய வழக்கம்.

இரண்டாவது மின் இணைப்பு. 1990-களின் கடைசியில் வந்த டெல் கணினிகள் சிலவற்றில் பவர் கனெக்டர் பார்ப்பதற்கு ஏ.டி.எக்ஸ். போலவே இருக்கும். உள்ளே கம்பிகளின் வரிசை வேறு. சாதாரண எஸ்.எம்.பி.எஸ். வாங்கிச் செருகினால் மதர்போர்டு போய்விடும். பிற்காலத்திலும் பல அலுவலக மாடல்களில் 24 முனைக்குப் பதிலாகத் தனி வகை கனெக்டர்தான். அதனால் பெரிய கிராபிக்ஸ் கார்டுக்காக எஸ்.எம்.பி.எஸ். மாற்றுவது அவற்றில் எளிதல்ல.

இந்தப் பூட்டுக்கு ஒரு சாவி 2014 பிப்ரவரியில் கிடைத்தது. என்விடியாவின் ஜி.டி.எக்ஸ். 750 டி.ஐ., விலை 149 டாலர். 2004 முதல் புழக்கத்தில் இருந்த பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட், கார்டுக்கு 75 வாட் வரை கொடுக்கும். இந்தக் கார்டுக்கு 60 வாட் போதும். பல மாடல்களில் தனி மின் கம்பியே தேவைப்படவில்லை. ஐ5 பிராசஸர் உள்ள ஒரு பழைய அலுவலகக் கணினியில், இருக்கிற எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தொடாமல் இதைச் செருகினால் அது விளையாட்டுக் கணினி ஆகிவிட்டது. 2016-ல் வந்த ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ.யும், 2019-ல் வந்த 1650-ம் இதே வழியில் வந்தவை. ஒல்லியான கேபினட்டாக இருந்தால் மட்டும் அரை உயர வகையைத் தேட வேண்டும்.

சர்வரும் சுரங்கமும்

2010-களின் நடுவில் பெரிய நிறுவனங்களின் சர்வர் கூடங்கள் பழைய சிப்புகளைக் கழித்தன. 2012-ல் 1500 டாலருக்கு மேல் விற்ற எட்டு கோர் ஜியான் இ5-2670, 2016-ல் சுமார் 70 டாலருக்கு வந்தது. பொருந்தும் மதர்போர்டுகள்தான் அரிது, விலையும் அதிகம். அந்த இடைவெளியைச் சீனத் தயாரிப்பாளர்கள் நிரப்பினார்கள். பழைய சிப்செட்டுகளை வைத்து எக்ஸ்79, எக்ஸ்99 என்ற பெயர்களில் மலிவான போர்டுகள் செய்தார்கள். ரஷ்யாவிலும் பிரேசிலிலும் இவை மிகப் பிரபலம்.

கிராபிக்ஸ் கார்டுகளின் விலையையோ கிரிப்டோ நாணயம் ஆட்டிப்படைத்தது. 2017-லும், மறுபடி 2020 முதல் 2022 வரையும் எதீரியம் தோண்டுபவர்கள் கார்டுகளை அள்ளிப் போனதால், பழைய கார்டுகூட புது விலைக்கு மேல் போனது. 2022 செப்டம்பர் 15 அன்று எதீரியம் தன் முறையை மாற்றியது. கார்டு வைத்துத் தோண்டும் தேவை ஒரே நாளில் முடிந்தது. ஆர்.எக்ஸ். 580 போன்ற கார்டுகள் பழைய சந்தையில் கொட்டின. இரவு பகலாக ஓடியவை என்பதால் விசிறியும் தெர்மல் பேஸ்ட்டும் தேய்ந்திருக்கும், அதைச் சோதித்து வாங்கியவர்களுக்கு நல்ல லாபம்.

புதிய கார்டு எல்லாம் பழைய கணினிக்கு நல்லது என்றும் சொல்ல முடியாது. 2022 ஜனவரியில் 199 டாலருக்கு வந்த ரேடியான் ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி., ஸ்லாட்டின் நான்கு பாதைகளை மட்டுமே பயன்படுத்தும். நான்காம் தலைமுறை ஸ்லாட்டில் அது சமாளிக்கும். மூன்றாம் தலைமுறை ஸ்லாட் உள்ள பழைய போர்டில், பல விளையாட்டுகளில் வேகம் கணிசமாகக் குறைந்தது. ஏழைகளுக்கென்று விற்ற கார்டு, ஏழைகளின் கணினியில்தான் மோசமாக ஓடியது!

இப்போது பூட்டு எங்கே இருக்கிறது?

2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11, இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பெரும்பாலான பிராசஸர்களை ஏற்கவில்லை. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் கட்டாயம். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. இந்த இரண்டு தேதிகளால் ஏராளமான அலுவலகக் கணினிகள் பழைய சந்தைக்கு வருகின்றன. அவற்றில் ஸ்லாட் இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, கார்டும் பொருந்துகிறது. மென்பொருள் மட்டும் மறுக்கிறது. 3டிஎஃப்எக்ஸ் கார்டுக்கு நடந்தது இப்போது முழுக் கணினிக்கே நடக்கிறது. 2018-ல் ஸ்டீம் கொண்டுவந்த புரோட்டான் மூலம், ஆயிரக்கணக்கான விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஆட முடிவது இதற்கு ஒரு பதில். ஆனால் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் கொண்ட சில ஆன்லைன் விளையாட்டுகள் அங்கே ஓடாது.

ராம் பழைய பாடத்தையே திரும்ப நடத்துகிறது. 2025-ன் கடைசி மாதங்களில், செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்களின் தேவையால் ராம் விலை மறுபடி செங்குத்தாக ஏறியது. காரணம் வேறு, 1993-ல் நடந்தது போலவேதான். பழைய டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4 ராமோடு வரும் கணினிக்கு இதனாலேயே ஒரு தனி மதிப்பு வந்துவிட்டது.

இத்தனை ஆண்டுக் கதையிலிருந்து ஒரு வரிசை கிடைக்கிறது. முதலில் எஸ்.எம்.பி.எஸ்.: எத்தனை வாட், என்ன கனெக்டர், தனி மின் கம்பி உண்டா. அடுத்து ஸ்லாட்: எந்தத் தலைமுறை, கேபினட்டில் எவ்வளவு உயரமும் நீளமும் இருக்கிறது. பிறகு சாக்கெட்: பயாஸ் ஏற்கும் பிராசஸர்களில் இப்போது பழைய சந்தையில் மலிந்திருப்பது எது. பிறகு ராம்: எந்த வகை, காலி இடம் உண்டா. டிரைவரும் இயங்குதளமும் இன்னும் கைகொடுக்குமா என்பது அதற்கடுத்து. விலை கடைசியில்தான் வர வேண்டும். பொருந்தாத பாகம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் அது நஷ்டமே.

1981-ல் ஐ.பி.எம். அந்தக் கையேட்டை விற்றபோது யாருக்கும் உதவி செய்யும் நோக்கம் அதற்கு இருந்திருக்காது, அவசரம்தான் இருந்தது. ஆனாலும் அந்தத் திறந்த ஸ்லாட்டால்தான் புதுக் கணினி வாங்க வழியில்லாத பல தலைமுறைப் பிள்ளைகள் டூமும் குவேக்கும் ஆடினார்கள், கணினியைத் திறந்து பார்த்தார்கள், அதையே தொழிலாகவும் கற்றார்கள். இன்று மடிக்கணினிகள் பலவற்றில் ராம் போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டே வருகிறது. காலி ஸ்லாட் இல்லாத கணினிக்கு இரண்டாவது வாழ்க்கை கிடையாது. வாங்கும்போது அதையும் ஒரு விலையாகக் கணக்கில் சேர்க்க வேண்டும்.